இரும்புச்சத்து கம்மி, ரத்தமோ கெட்டி! டானிக் வாங்கிக் குடித்தால் ஆபத்து

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வருகிறது. ஒரு வரியில் இரும்புச்சத்து குறைவு. இன்னொரு வரியில் சிவப்பு அணுக்கள் அளவுக்கு மேல்!

"இரும்புதானே கம்மி? ஒரு டானிக் குடுங்க" என்று நேராக மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. வினையே அங்கேதான் ஆரம்பம்.

சிவப்பு அணு உருவாக இரும்பு வேண்டும். இரும்பு இல்லாமல் அணுக்கள் கூடுவது எப்படி?

எலும்புக்குள் கோளாறு

ரத்தம் ஊறும் இடம் எலும்பு மஜ்ஜை. "பாலிசைத்தீமியா வேரா" என்ற நோய் வந்தால், மஜ்ஜை ஓயாமல் சிவப்பு அணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். செய்து செய்தே உடம்பில் இருக்கும் இரும்பு தீர்ந்துபோகும்.

1892-ல் பாரீஸ் டாக்டர் வாக்கே இந்த நோயை விவரித்தார். "ஜாக்-2" என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே பெரும்பாலும் காரணம் என்று 2005-ல் தெரியவந்தது.

தலைவலி, கிறுகிறுப்பு, முகச்சிவப்பு, வெந்நீரில் குளித்ததும் உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் ரத்தம் குழாயிலேயே உறைந்து மாரடைப்போ பக்கவாதமோ வரலாம்.

ரத்தம் எடுப்பதே வைத்தியம்

ரத்ததானம் போலவே ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுப்பார்கள். ஒரு தடவை 450 மில்லி எடுத்தால் சுமார் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் கூடவே போய்விடும். சாப்பாட்டில் இருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஆகவே இரும்பு இன்னும் குறையும்.

இது டாக்டர்களுக்குத் தெரிந்தே நடப்பது. இரும்பு இல்லாதது மஜ்ஜைக்குப் பிரேக் போட்ட மாதிரி. டானிக் குடித்தால் பிரேக் விட்டுப்போய் ரத்தம் மறுபடி கெட்டியாகும்.

இத்தாலியில் 365 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2013-ல் வெளியானது. ரத்தத்தில் சிவப்பு அணுக்களின் பங்கு 45 சதவீதத்துக்குக் கீழே வைக்கப்பட்டவர்களைவிட, 45 முதல் 50 சதவீதம் வரை விடப்பட்டவர்களுக்கு இதயநோய் மரணமும் ரத்த உறைவு ஆபத்தும் சுமார் 4 மடங்கு!

சோர்வு தாங்கவில்லையா?

இரும்பு குறைந்தால் அசதி வரும், முடி கொட்டும். சிலருக்குப் பச்சரிசி, ஐஸ் கட்டி தின்னத் தோன்றும். "எல்லாம் வயசுக் கோளாறு" என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால், ரத்தம் எடுப்பதைக் குறைத்து அணுக்களைக் கட்டுப்படுத்தும் மாத்திரைக்கு மாற்ற வழி உண்டு. இரும்பு கொடுத்தே ஆகவேண்டும் என்றாலும் அடிக்கடி ரத்தம் சோதித்து, அளவோடுதான் கொடுப்பார்கள்.

பீடி, சிகரெட்டும் சிவப்பு அணுக்களைக் கூட்டும். முதலில் அதை நிறுத்த வேண்டும்.

பரம்பரையாகவும் வரலாம்

அணுக்கள் சிறுத்து, எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் அது பரம்பரையாக வரும் "தாலசீமியா" கூறாகவும் இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு சரியாக இருந்தால் சத்து மாத்திரையால் பலன் இல்லை. கணவன், மனைவி இருவருக்குமே இந்தக் கூறு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மாத்திரை விழுங்காதீர்கள். முழுத் தாளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.