தலைமைக் கணினி எது?

ஒரு வங்கியின் கணக்கேடு ஒரே கணினியில் மட்டும் இருக்குமாயின், அது பழுதுறும் நாளில் வங்கியும் கதவடைக்க வேண்டியதுதான். ஆதலின் அதே ஏட்டை ஐந்து கணினிகளில் வைக்கின்றனர் என்று கொள்வோம். ஐந்தும் தத்தம் போக்கில் எழுதத் தொடங்கினால் ஏடும் ஐந்தாகப் பிரிந்துவிடுமன்றோ? எனவே அவற்றுள் ஒன்று தலைமை ஏற்கின்றது. ஏனையவை அது சொல்வதைப் பதிகின்றன.

இதற்குரிய முறைகளுள் ஒன்று, அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியகோ ஒங்காரோ, ஜோன் ஔஸ்டர்ஹவுட் ஆகிய இருவரும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ராஃப்ற்’ என்பது. பிறருக்கு எளிதில் விளங்க வேண்டும் என்பதையே அவர்கள் நோக்கமாகக் கொண்டனர். அறிஞரிடத்தே அரிதாகக் காணப்படும் நோக்கம் அது.

தலைமைக் கணினி ‘யான் உளேன்’ என இடையறாது செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அச்செய்தி நின்றால் மற்றவை சிறிது பொறுத்திருக்கும். ஒரு செக்கனின் ஆயிரத்தில் 150 பங்கு முதல் 300 பங்கு வரை, அப்பொறுமையின் அளவு எழுமாறாக அமையலாம். எல்லாம் ஒரே கணத்தில் எழுந்தால் வாக்குகள் சிதறும் என்பதாலேயே இவ்வேற்பாடு. முதலிற் பொறுமை இழந்தது வாக்குக் கேட்கும். தன் வாக்குடன் மூன்று வாக்குப் பெற்றால் அதுவே தலைமை. ஏடு பின்தங்கிய கணினிக்கு மற்றவை வாக்களிப்பதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓர் ஆட்சிக்கால எண் உண்டு. அது ஏறுமேயன்றி இறங்காது.

கணக்கைக் கேட்டு வெளியிலிருந்து வருபவர் தலைமையை எவ்வாறு அறிவது? ஐந்தில் எதனையும் வினவலாம். தலைமையல்லாதது, தான் அறிந்த தலைமையின் முகவரியைச் சொல்லும். அங்கே மறுமொழி இல்லையேல் வேறொன்றை நாட வேண்டும்.

இடர் இங்கேதான். இணைப்பு அறுந்து, பழைய தலைமையும் ஒரு துணையும் ஒருபுறமும், மற்றை மூன்றும் மறுபுறமுமாகப் பிரிந்தன என்க. மூன்றும் கூடிப் புதிய தலைமையைத் தேர்ந்துவிடும். பழையதோ அதனை அறியாது. ‘தலைமை யானே’ என்று மனமறிந்த பொய்யின்றியே சொல்லும். மூன்றின் ஒப்புதல் கிட்டாமையால் எதனையும் புதிதாக எழுதி நிலைநிறுத்த அதனால் இயலாது. ஆயினும் இருப்பைக் கேட்பவருக்குப் பழைய இருப்பைச் சொல்லிவிடக்கூடும். சற்று முன் மறுபுறத்தில் எடுக்கப்பட்ட பணம் இன்னும் கணக்கில் இருப்பதாகத் தோன்றும்!

ஆதலின், இருப்பைச் சொல்லுமுன் தலைமைக் கணினி பெரும்பான்மையோடு ஒருமுறை செய்தி பரிமாறித் தன் பதவியை உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். இணைப்பு மீண்டதும் தன்னதினும் பெரிய ஆட்சிக்கால எண்ணைக் காணும் பழைய தலைமை அக்கணமே பதவி விலகும். ஒப்புதல் பெறாத தன் வரிகளை அழித்துவிட்டு, புதியதன் ஏட்டைப் படியெடுக்கத் தொடங்கும்.