மலையேறும் யுத்த வண்டி

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் கோழி கூவுகிறதோ இல்லையோ, ஜீப் வண்டி நிச்சயமாக உறுமும். கையில் தூக்குச் சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் கும்பல் கும்பலாக நின்று வண்டி ஏறுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்து, அங்கிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். பொழுது சாயும்போது அதே வண்டிகள் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் இவ்விதம் தினந்தோறும் மலை ஏறி இறங்குகிறவர்கள்தாம். ஆகையால், மோட்டார் சாஸ்திரத்தில் யாதொரு ஞானமும் இல்லாத எனக்கும் ஜீப் வண்டியிடம் ஒரு சிரத்தை உண்டாகிவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரின் பட்டறைக்குப் போயிருந்தேன். மரக் கட்டைகளின் மேல் ஓர் எலும்புக்கூடு நின்றது. சக்கரம் இல்லை, என்ஜின் இல்லை. துருப்பிடித்த இரும்புச் சட்டம் மாத்திரம் இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"இது யுத்தத்துக்குப் போன வண்டி, ஸார்! ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் கொடி மூடிக் கிடந்தது. முதலாளி, 'ஒரிஜினலாகப் பண்ணிக் கொடு' என்கிறார்" என்றார் மேஸ்திரி.

யுத்தம் என்றால் இரண்டாவது உலக மகா யுத்தம். 1940-ஆம் வருஷம் அமெரிக்க ராணுவத்தார், எந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஓடக்கூடிய சிறு வண்டி ஒன்று வேண்டுமென்றும், மாதிரி வண்டியை நாற்பத்தொன்பது நாளில் தரவேண்டுமென்றும் கேட்டார்கள். பாண்டம் என்னும் சிறிய கம்பெனி அந்தக் கெடுவுக்குள் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து, 1945-க்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. நாலு சிலிண்டர், அறுபது குதிரை சக்தி, நாலு சக்கரங்களும் இழுக்கும் வல்லமை: இவ்வளவுதான் அதன் சரக்கு. பர்மாப் போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்த வண்டிகளில் பல, யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் விற்கப்பட்டுப் பொதுஜனங்களின் கைக்கு வந்தன.

இதில் போடிக்கு ஒரு விசேஷப் பொருத்தமும் இருக்கிறது. 1928-ல் மதுரையிலிருந்து இவ்வூருக்கு ரயில் வந்தது. யுத்த காலத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டு போய்விட்டார்கள். மறுபடியும் ரயிலைக் காண 1950-களின் முற்பகுதி வரையில் ஜனங்கள் காத்திருக்க நேர்ந்தது. ஒரு யுத்தம் எங்களுடைய ரயிலை எடுத்துக்கொண்டு, ஜீப்பைக் கொடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மேஸ்திரி எனக்கு ஜாதகம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சட்டத்தின் முன்புறக் குறுக்குத் தண்டு உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் வண்டி. கவிழ்த்து வைத்த தொட்டி மாதிரி இருந்தால் ஃபோர்டு. இந்தச் சட்டத்தில் தொட்டிதான் இருந்தது. பிறகு ஒரு போல்ட்டை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, அதன் தலையைக் காட்டினார். இங்கிலீஷ் 'எஃப்' எழுத்து ஒன்று பொடியாகத் தெரிந்தது. ஃபோர்டு கம்பெனியார் போல்ட்டின் தலையிலும் தங்கள் எழுத்தைப் பொறித்து அனுப்பினார்களாம். அம்மாதிரி போல்ட்டுகளை மேஸ்திரி ஒரு பிஸ்கோத்து டப்பாவில் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். பெண்டுகள் நகை வைத்திருப்பதுபோல் அதை மூடி மூடித் திறந்தார்.

ஆனால் சட்டம் ஃபோர்டாக இருக்க, மூலையில் கிடந்த என்ஜின் வில்லிஸ். மேல் மூடியோ நம் தேசத்தில் செய்தது! மஹீந்திரா சகோதரர்கள் 1945-ல் தொடங்கிய கம்பெனி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கிற்று. நாளடைவில் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். அந்த வம்சத்து வண்டிகள் பல பத்தாண்டுகள் நம் நாட்டில் உற்பத்தியாயின. எனவே, பழைய யுத்த ஜீப்புக்குப் பல சாமான்கள் இந்திய ஜீப்பிலிருந்தே பொருந்துகின்றன. மற்றவற்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டையிலோ, ராணுவ ஜீப்புகளுக்குப் பெயர்போன பஞ்சாப் எல்லை மண்டி டப்வாலியிலோ தேட வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் லேத் பட்டறைதான் கதி.

டயரைக் கேட்டால் சிரிப்பு வரும். யுத்த ஜீப்பின் டயர் அளவும், இன்று டிராக்டரின் முன் சக்கரத்துக்குப் போடும் சாதாரண டயரின் அளவும் ஒன்றே. ஆனால் அதை வாங்கிப் போட்டால் உபயோகம் இல்லை. டிராக்டரின் முன் டயர் திரும்புவதற்கு ஏற்பட்டது. மலைச் சேற்றைப் பற்றி இழுக்க அதன் வரிகளால் முடியாது.

"சரி, எது ஒரிஜினல்? ஐம்பது வருஷமாக இந்த மலையில் ஓடும்போது மாற்றிய சாமானெல்லாம் பொய்யா?" என்று கேட்டேன்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. சர்க்கார் பதில் சொல்லியிருக்கிறது. 2021-ல் மத்திய சர்க்கார் செய்த விதிகளின்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். சட்டம், கூடு, என்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பதிவான வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் பந்தயம் முதலியவற்றுக்கு மட்டும் தெருவில் இறக்கலாம். அதாவது, உழைத்து உழைத்து உறுப்பு மாறிய வண்டிக்குப் பட்டம் இல்லை. பட்டம் பெற்ற வண்டிக்கு உழைப்பு இல்லை!

இதைக் கேட்டு எனக்கு முதலில் கோபமே வந்தது. அதைத் தணித்தவர் மேஸ்திரிதான். பிரேக்கின் எண்ணெய்க் குழாய் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"யுத்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் தள்ளுவது ஒரே பம்பு, ஒரே வழி. ஏதாவது ஓர் இடத்தில் குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கைப் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, ஸார். பின்னால் போகிற தண்டைத்தான் பிடிக்கிறது. இந்த அமைப்பை அப்படியே வைத்துப் பத்துப் பெண்களை ஏற்றி மெட்டிலிருந்து இறக்கலாமா?"

நான் குழாயைப் பார்த்தேன். வெளியே பச்சை வர்ணம் பளபளத்தது, உள்ளே துரு.

அந்த மேஸ்திரி ஒரு நியமம் வைத்துக்கொண்டிருக்கிறார். எஸ்டேட் முதலாளியின் வண்டிக்கு 'எஃப்' பொறித்த போல்ட், பழைய ஆறு வோல்ட்டு மின்சாரம், இடப்பக்கத்து ஓட்டுச் சக்கரம் எல்லாம் உள்ளபடியே வரும். அது விழா நாளில் மெதுவாக ஊர்ந்து, குழந்தைகளுக்குச் சரித்திரம் சொல்லட்டும். கூலிக்கு ஓடும் ஜீப் பட்டறைக்கு வந்தாலோ, அது எவ்வளவு அபூர்வமான வண்டியாயினும், முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என்று பிரேக் வழியை இரண்டாகப் பிரித்து, புதுக் குழாய் போடாமல் வெளியே விடமாட்டார். "சின்ன கியரில் என்ஜினைப் பிடித்து இறக்கத் தெரிந்த டிரைவருக்கு இது எதற்கு?" என்று சிலர் சண்டைக்கு வருகிறார்களாம். செலவைக் கேட்டுவிட்டு வேறு பட்டறைக்குப் போனவர்களும் உண்டு.

பழைய பொருளைப் போற்றுவது நல்ல குணம். அதிலும், அயல் தேசத்தார் யுத்தத்துக்கென்று செய்து, வேண்டாமென்று விட்டுப்போன இயந்திரத்தை நம் ஊர்க் கொல்லரும் லேத்துக்காரரும் இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தது சாமானிய விஷயமன்று. அந்தச் சாமர்த்தியத்தை எழுதிவைக்க ஒரு புஸ்தகமும் இல்லை. அந்த எழுத்தில்லாத வித்தைக்காவது ஓர் அசல் வண்டி சாட்சியாக நிற்கட்டும். ஆனால் மலையில் ஓடும் வண்டிக்கு அளவுகோல் வேறு.

மறுநாள் விடியற்காலை பால் வாங்கப் போனேன். ஜீப் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. பின்புறத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "வாத்தியாரையா, என் மகன் ஒழுங்காய்ப் படிக்கிறானா?" என்று கேட்டாள். "படிக்கிறான் அம்மா" என்றேன். வண்டி புறப்பட்டது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக நான் குனிந்து, அது நின்றிருந்த இடத்தில் தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.