பெஞ்சின் மறுமுனையில் ஒரு சிகரெட்

மாலை நேரம். பூங்காவில் பாடம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே பெஞ்சின் மறுமுனையில் ஒருவர் வந்து அமர்ந்து, சிகரெட்டைப் பற்றவைக்கிறார். நீங்கள் முகம் சுளித்ததும், "திறந்தவெளிதானே தம்பி, புகை காற்றோடு போய்விடும்" என்கிறார். அவர் சொல்வது சரியா?

சிகரெட்டின் நுனியைக் கவனியுங்கள். புகை முதலில் நூல்போல நேராக எழுகிறது. இது வரிச்சீர் ஓட்டம். சற்று மேலே சென்றதும் நெளிந்து, சுழன்று, காற்றோடு கலந்துவிடுகிறது. இது சுழற்சி ஓட்டம். (வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியை ஏற்றினாலும் இதைப் பார்க்கலாம்.) நுனியில் எழும் புகை சற்று நீலமாக இருக்கும். அதன் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. ஆகவே நீல நிறத்தையே அதிகம் சிதறடிக்கின்றன. அவர் வாயிலிருந்து ஊதும் புகையோ வெண்மையானது. நுரையீரலின் ஈரத்தில் துகள்கள் பருத்துவிடுகின்றன.

கலந்த புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவிக்குத் தெரியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பூங்காக்களிலும் திறந்தவெளி உணவகங்களிலும் புகைத்துகள்களை அளந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். புகைப்பவருக்கு அரை மீட்டர் தொலைவில், காற்று வீசும் பக்கமாக இருப்பவர், அறைக்குள் இருப்பவருக்கு இணையான புகையைச் சுவாசிக்க நேரிடலாம். இரண்டு மீட்டருக்கு அப்பால் அளவு வெகுவாகக் குறைகிறது. சிகரெட் அணைந்ததும் புகை உடனே மறைகிறது. மூடிய அறையில் அது நெடுநேரம் தங்கும்.

ஆக, பரந்த புல்வெளியின் நடுவே அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. ஆனால் பூங்கா பெஞ்சின் நீளம் பெரும்பாலும் இரண்டு மீட்டர்கூட இராதே! ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்றின் திசையைப் பார்த்து, நான்கு எட்டு தள்ளி அமர்ந்தால் தப்பலாம். எழுந்து போக வேண்டியவர் நீங்கள்தானா என்பது வேறு கேள்வி.

நியூயார்க் நகரம் அதற்கு விடை சொன்னது. 2011 மே 23 முதல் அங்குள்ள 1,700 பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் புகைக்கத் தடை. மீறினால் 50 டாலர் அபராதம். நம் நாட்டில், 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தபோது திறந்தவெளியை விட்டுவிட்டது. 2008 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்த விதிகள் அந்த விலக்கைச் சுருக்கின. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், "இவை போன்ற பிற இடங்கள்" ஆகியவற்றுக்கு இனி விலக்கு இல்லை என்றன. பூங்கா என்ற சொல்லை அந்தப் பட்டியலில் தேடினேன், காணவில்லை.