செயற்கைக்கோளும் கடன்சுமையும்: ஆனந்த கிருஷ்ணனின் தொழில் வாழ்க்கை

வருமானம் வருவதற்கு முன்பே செலவு வந்து நிற்கும் தொழில்கள் சில உண்டு. தொலைத்தொடர்பும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் அவற்றுள் முதன்மையானவை. கோபுரங்களை எழுப்பி, அலைக்கற்றைக்கான தொகையை அரசுக்குச் செலுத்தி, கருவிகளைப் பொருத்திய பின்னரே முதல் வாடிக்கையாளரிடமிருந்து முதல் ரூபாய் வருகிறது. இடைப்பட்ட காலத்தைக் கடந்து செல்ல உதவுவது கடன். அந்தக் கடனே சிலரை உயர்த்துகிறது; சிலரை வீழ்த்துகிறது. இவ்விரண்டையும் ஒரே வாழ்நாளில் கண்டவர், மலேசியாவின் பெருந்தொழிலதிபர்களுள் ஒருவராக விளங்கிய டி.ஆனந்த கிருஷ்ணன்.

கல்வியே மூலதனம்

யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தில், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் 1938 ஏப்ரல் 1 அன்று அவர் பிறந்தார். அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப் பள்ளியிலும், பின்னர் விக்டோரியா கல்விக் கூடத்திலும் பயின்றார். கொழும்புத் திட்ட உதவித்தொகை பெற்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்றார். 1964-இல் ஹார்வர்டில் வணிக நிர்வாக முதுகலைப் பட்டம் பெற்றார். எண்ணெய் வணிகம் அவருக்கு முதற்செல்வத்தைத் தந்தது. கோலாலம்பூரின் பழைய குதிரைப் பந்தயத் திடலை நகரின் புதிய மையமாக மாற்றிய திட்டத்திலும் அவருக்குப் பெரும்பங்கு இருந்தது. 88 தளங்களும் 452 மீட்டர் உயரமும் கொண்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் இன்று அந்த நிலத்தில்தான் நிற்கிறது.

பேட்டிகளையும் விழா மேடைகளையும் தவிர்த்தே வாழ்ந்தார். நிறுவனங்கள் அறியப்பட்ட அளவுக்கு அவற்றின் உரிமையாளர் முகம் அறியப்படவில்லை.

விண்ணில் ஒரு முதலீடு

1990-களின் தொடக்கத்தில் அவர் பார்வை தகவல் தொடர்புத் துறையின் மீது திரும்பியது. 1995-இல் மேக்சிஸ் கைப்பேசிச் சேவை தொடங்கியது. 1996 ஜனவரியில், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து மீசாட்-1 செயற்கைக்கோள் ஏரியான் ராக்கெட் மூலம் ஏவப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மீசாட்-2 தொடர்ந்தது. இச்செயற்கைக்கோள்களை நம்பி, அதே 1996-இல் அஸ்ட்ரோ என்னும் கட்டணத் தொலைக்காட்சிச் சேவை பிறந்தது.

இதில் இருந்த இடர் சிறியதன்று. பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை ஏவிய பின், அதனிடம் சென்று பழுது பார்க்க இயலாது. வீட்டுக் கூரையில் சிறிய தட்டைப் பொருத்திப் பார்க்க உதவும் கே.யு. பேண்ட் அலைவரிசையோ கனமழையில் வலுவிழக்கும் இயல்புடையது. மலேசியாவோ ஆண்டு முழுவதும் மழை பெறும் நாடு. எனவே மழையையும் ஊடுருவும் ஆற்றலுடன் அலைபரப்பியை வடிவமைக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பின்னரே சந்தாதாரர் ஒவ்வொருவராகச் சேர்ந்தனர்.

அந்த இடரைத் தாங்க உதவியவை இரண்டு. ஒன்று, செயற்கைக்கோள் வழி நேரடித் தொலைக்காட்சியில் அஸ்ட்ரோ நீண்ட காலம் போட்டியின்றி இயங்கியது. மற்றொன்று, மாதந்தோறும் தவறாமல் வந்த சந்தா. மலாய், சீனம், தமிழ் என மும்மொழிக் குடும்பங்களுக்கும் உரிய அலைவரிசைகள் அதில் இருந்தன. தமிழருக்கென ‘வானவில்’ இருந்தது. வரவு சீராக இருக்கும் இடத்தில் நீண்ட காலக் கடன் சுமையாகத் தோன்றுவதில்லை.

இந்த வரலாற்றின் ஓர் இழை தமிழகக் கூரைகளிலும் உண்டு. சன் குழுமத்தின் சன் டைரக்ட் சேவையில் அஸ்ட்ரோ குழுமம் முதலீடு செய்தது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு நேர்ந்தபோது, சன் டைரக்ட் ஒளிபரப்புக்குக் கைகொடுத்தது மீசாட்-3.

இந்தியாவில் நேர்ந்தது

1999-இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட ஏர்செல் நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்குகளை மேக்சிஸ் 2006-இல் கையகப்படுத்தியது. தமிழகத்தில் ஏர்செல்லுக்கு வலுவான பிடிப்பு இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் மஞ்சள் சட்டையில் அப்பெயர் பளிச்சிட்டது. அங்கிருந்து நாடு முழுவதும் விரிவடைய நிறுவனம் முனைந்தது. இந்தக் கொள்முதல் தொடர்பான வழக்குகள் பின்னர் இந்திய நீதிமன்றங்களை அடைந்தன. அவை ஒருபுறம் இருக்க, வங்கியாளர் நோக்கில் வரவு செலவுக் கணக்கை மட்டும் இங்குக் காண்போம்.

2010-இல் நடந்த ஏலத்தில் 13 வட்டங்களுக்கான 3ஜி அலைக்கற்றைக்கு ஏர்செல் செலுத்த ஒப்பிய தொகை ரூ.6,499 கோடி. தொடர்ந்து நடந்த அகண்ட அலைவரிசை ஏலத்தில் 8 வட்டங்களுக்கு ரூ.3,438 கோடி. அதே ஆண்டு, 17,500 கோபுரங்களை ஏறத்தாழ ரூ.8,400 கோடிக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. சொந்தக் கோபுரத்தை விற்றால் கைக்குப் பணம் வரும். ஆனால் அதுவரை இல்லாத வாடகை மாதந்தோறும் செலவில் ஏறிவிடும்.

வரவோ எதிர்த்திசையில் சென்றது. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கணக்குக் கட்டணத்தை அறிமுகப்படுத்திய பின், நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக் கட்டணத்தைக் குறைத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ குரல் அழைப்பைக் கட்டணமின்றியே வழங்கியது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வாங்கிய கடனை, விலையே இல்லாத அழைப்பைக் கொண்டு அடைக்க இயலுமா? ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் முயற்சி 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் தமிழகத்தில் ஏர்செல் சேவை பல இடங்களில் தடைப்பட்டது. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கை கோரி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகியது. ஆனந்த கிருஷ்ணனின் இந்திய இழப்பு ஏறத்தாழ 700 கோடி டாலர் என்று அப்போது செய்தித்தாள்கள் மதிப்பிட்டன.

கரை சேர்த்த பிரிவினை

இத்தனை பெரிய இழப்புக்குப் பின்னும் மலேசியாவில் மேக்சிஸ் ஏன் வீழவில்லை என்பதே இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம். 2007-இல் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட மேக்சிஸ், 2009 நவம்பரில் மீண்டும் பட்டியலிடப்பட்டது. அந்த வெளியீடு திரட்டிய 1,120 கோடி ரிங்கிட், அதுவரை தென்கிழக்காசியா கண்ட வெளியீடுகளிலேயே பெரியது. அப்போது பட்டியலில் ஏறியது மலேசியத் தொழில் மட்டுமே. இந்தியத் தொழில் தாய் நிறுவனத்திடமே நின்றது. ஆகவே ஒரு வீட்டில் பற்றிய தீ, சுவருக்கு அப்பால் இருந்த மற்றொரு வீட்டை எரிக்கவில்லை.

ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பர் 28 அன்று தம் 86-ஆம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய மேக்சிஸும் அஸ்ட்ரோவும் அவருக்குப் பின்னும் இயங்குகின்றன.

நமக்குரிய பாடங்கள்

ஆயிரம் கோடிக்கும் ஐந்து லட்சத்துக்கும் கடனின் இலக்கணம் ஒன்றே. தொழிற்கடன் நாடும் வாடிக்கையாளர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, வருமானம் தொடங்கும் மாதமும் தவணை தொடங்கும் மாதமும் பொருந்துகின்றனவா? பொருந்தாவிடில், தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்கும் சலுகைக் காலம் குறித்துக் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கடன் பெற்ற பின் கேட்பதைவிட, பெறும் முன் கேட்பது எளிது.

இரண்டாவது, நீங்கள் விற்கும் பொருளின் விலை நான்கில் ஒரு பங்கு குறைந்தாலும் தவணை கட்ட இயலுமா? அருகில் புதிய கடை ஒன்று திறக்கும் நாளை இன்றே கணக்கில் எழுதிப் பாருங்கள். ஈடாக வைத்த சொத்து கடனுக்குக் காவல் மட்டுமே. தவணையைக் கட்டுவது மாத வரவுதான்.

மூன்றாவது, புதிய முயற்சி தோற்றால் பழைய தொழிலும் குடியிருக்கும் வீடும் தப்புமா? புதிய கிளைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். தனிப்பட்ட உத்தரவாதம் அளிக்கும் முன் அதன் எல்லையை எழுத்தில் அறிந்துகொள்ளுங்கள். வீட்டுச் செலவையும் கடைக் கல்லாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

இவற்றோடு ஒரு சிறு குறிப்பு. கைப்பேசிச் சேவை நின்றால் பேச்சு மட்டும் நிற்பதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் வராது. பரிவர்த்தனை எச்சரிக்கையும் வராது. எண்ணை மாற்றினாலோ கைவிட்டாலோ, அன்றே கிளையில் தெரிவித்துக் கணக்கில் புதிய எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கைவிட்ட எண் பின்னொரு நாள் வேறொருவர் கைக்குச் செல்லக்கூடும். உங்கள் கணக்கின் செய்திகள் அவரைத் தேடிச் செல்ல இடமளிக்கலாகாது.