தடையைக் கடக்கும் மின்னோட்டம்

ஒரகடத்திற்கு அருகே, இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்து நிற்கும் வடக்குப்பட்டில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். பணியிலிருந்த நாளில், "கடத்தாப் பொருள் மின்சாரத்தைத் தடுத்துவிடும்" என்று வகுப்பில் கூறினேன். "அது மிக மிக மெல்லியதாக இருந்தால், ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். "பாடத்தில் உள்ளதைக் கேள்" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன். அவன் வினா எத்துணை ஆழமானது என்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

1911-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுக் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தைக் கடுங்குளிரில் ஆழ்த்தியபோது அதன் மின்தடை அடியோடு மறைவதைக் கண்டார். இதுவே மீக்கடத்தல். அந்நிலையில் எலெக்ட்ரான்கள் இணை இணையாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் இயங்குகின்றன. கும்மியடிக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். எந்தக் கணத்தில் முதற்கை தட்டினாலும் ஒன்றுதான். எல்லாக் கணமும் சமமே. ஆனால், ஒரு கணத்தில் தட்டித் தொடங்கிவிட்டால் அச்சமநிலை போய்விடும். அனைவரும் அத்தாளத்திற்குக் கட்டுப்படுவர். இத்தகைய மாற்றத்தையே விஞ்ஞானிகள் சமச்சீர் குலைவு என்பர்.

இத்தகைய இரு உலோகங்களுக்கிடையே, ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கே தடிப்புள்ள கடத்தாப் படலத்தை வைத்தால் என்னாகும்? இரு கூட்டங்களின் தாள வேறுபாடே காரணமாக, மின்னழுத்தம் சிறிதுமின்றி, எலெக்ட்ரான் இணைகள் படலத்தை ஊடுருவிப் பாயும் என்று 1962-இல் பிரையன் ஜோசப்சன் கணக்கிட்டுக் கூறினார். அப்போது அவர் கேம்பிரிட்ஜில் பயின்ற 22 வயது மாணவர். நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் பார்டீன் அதனை மறுத்தார். அங்கே சமச்சீர் குலைவைப் பற்றிப் பாடம் சொன்ன ஆண்டர்சனோ, மாணவர் காட்டிய கணக்கை மதித்து ஆராய்ந்தார். மறு ஆண்டே அவரும் ரோவெல்லும் சோதனையில் அம்மின்னோட்டத்தைக் கண்டனர். 1973-இல் ஜோசப்சன் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதனால் பயன் என்ன? சிறிதளவு காந்தம் பட்டாலும் தாள வேறுபாடு மாறும். அதனால் மின்னோட்டமும் மாறும். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார், இவ்வுண்மையால் இயங்கும் 'ஸ்குவிட்' என்னும் உணர்கருவியைச் செய்து, இதயத்தின் காந்தப்புலத்தை உடலைத் தொடாமலே அளந்திருக்கின்றனர். அப்புலமோ பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கே!

ஆண்டர்சன் தம் மாணவருக்குச் செவிசாய்த்தார், நான் சாய்க்கவில்லை. ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் எழும் விபரீத வினாவை அடக்கிவிடாதீர்கள். விடை தெரியாவிடில், "சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள்.