வோல்டன் குளக்கரையிலிருந்து வவுனியா வரை: கருத்துமுதல்வாதமும் காணிப் பிரச்சினையும்

கருத்து முந்தியதா, பொருள் முந்தியதா என்னும் வினா பெரும்பாலும் ஏட்டுச் சர்ச்சையாகவே நோக்கப்படுகிறது. அது நிலத்தோடும் உழைப்போடும் பிணைந்த வினா என்பதை இரு வேறு சூழல்களை ஒப்புநோக்கி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1836இல் 'இயற்கை' என்னும் நூலை வெளியிட்ட எமர்சன், 1842இல் ஆற்றிய உரையொன்றிலே சிந்தனையாளரைப் பொருள்முதல்வாதிகள், கருத்துமுதல்வாதிகள் என இருபாற்படுத்தி, தமது அனுபவங்கடந்த மெய்யியலை இரண்டாம் அணியிற் சேர்த்தார். நியூ இங்கிலாந்திலே நெசவாலையும் சந்தையும் மனித உறவுகளை உருமாற்றிக்கொண்டிருந்த காலம் அது. வணிக நாகரிகத்தை வெறுத்த படித்த மத்தியதர வர்க்கத்தினர், அதனை மாற்றவல்ல சமூக சக்தியைக் காணாத நிலையில், தனிமனித ஆன்மாவிலே விடுதலையைத் தேடினர். எனவே அவர்களது கருத்துமுதல்வாதம் எதிர்ப்பாகவும் ஒதுங்கலாகவும் ஒருங்கே அமைந்தது.

ஆயின் ஆன்மாவுக்கும் காலூன்ற நிலம் வேண்டியிருந்தது. 1845 முதல் 1847 வரை தோரோ வாழ்ந்த வோல்டன் குடிலுக்கு, அவர் கணக்குப்படி, 28 டொலர் 12½ சதமே செலவாயிற்று, நிலமோ எமர்சனுடையது. 1843இல் அல்கொட் முதலானோர் தொடங்கிய 'புரூட்லான்ட்ஸ்' பண்ணை ஏறத்தாழ ஏழு மாதங்களிற் குலைந்தது. எனினும் அடிமைமுறையைத் தாங்கிநின்ற அரசுக்கு வரிசெலுத்த மறுத்துத் தோரோ 1846இல் ஓரிரவு சிறையிருந்ததன் பயனாக எழுந்த கட்டுரை, தென்னாபிரிக்காவிலே காந்தியின் கைக்கு எட்டியது.

அம்மரபின் ஒரு கிளை வன்னியை அடைந்தது. கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் 1976இல் தொடங்கிய காந்தியம் இயக்கம் வவுனியாவை மையமாகக் கொண்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1977 வன்செயல்களால் இடம்பெயர்க்கப்பட்ட மலையகத் தொழிலாளரை அது வன்னியிற் குடியமர்த்தியது. அவ்வியக்கத்தின் மொழி சேவை, தற்சார்பு, கிராமிய வாழ்வு என்னும் அறத்தின் மொழியே. ஆனால் இங்கே காணி தந்துதவ எமர்சன் இருக்கவில்லை. இலங்கையின் நிலத்தில் மிகப்பெரும் பகுதி அரசுடைமை. உழைப்பன்றி வேறெதுவும் இல்லாதோர் அக்காட்டுநிலத்தைப் பண்படுத்தியபோது, நிலம் யாருக்கு என்னும் வினா தானாகவே எழுந்தது. 1983 ஏப்ரிலில் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். யூலை 27இல் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

காந்தியத்தைக் கருத்துமுதல்வாதமெனக் கூறி ஒதுக்கிவிடுவது இயந்திரப் பொருள்முதல்வாதமாகும். தோரோ வோல்டனுக்குச் சென்ற அதே 1845இல், பொயர்பாக் பற்றிய குறிப்புகளிலே மார்க்ஸ், மனிதச் செயற்பாட்டின் பக்கத்தை முந்திய பொருள்முதல்வாதம் புறக்கணித்ததையும், கருத்துமுதல்வாதமே அதனை, அருவநிலையிலாயினும், வளர்த்ததையும் சுட்டினார். காந்தியம் அறத்தினால் உந்தப்பட்டுப் பொருளின் களத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கு காணி, குடியுரிமை, அரசு ஆகியவற்றை ஒருசேர எதிர்கொள்ளும் வெகுசன அரசியல் அதற்கு வாய்க்கவில்லை. அறவுணர்வைப் பழிப்பதன்று, அதற்கு அத்தகைய அரசியலை அளிப்பதே பொருள்முதல்வாதியின் கடமை.