கடற்காகம்

மார்கழித் திங்களின் காலை நேரம். கோடிக்கரையிலோ, தனுஷ்கோடியிலோ, பழவேற்காட்டு ஏரி கடலொடு கலக்கும் இடத்திலோ நின்று நோக்குவோமாயின், ஓர் இனிய காட்சியைக் காணலாம். இரவெல்லாம் கடலில் உழைத்த படகுகள் கரையை நாடி வருகின்றன. அவற்றின் பின்னே வெண்ணிறப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வட்டமிட்டு வருகின்றன. வலையினின்று நழுவும் சிறுமீனை, அது நீரில் விழுமுன்னரே ஒரு பறவை கவ்விச் செல்கின்றது. மீன் கிட்டாத பறவைகள் அதனைத் துரத்துகின்றன. அவற்றின் கரகரத்த குரல் அலையோசையையும் மீறி எழுகின்றது. இவையே கடற்காகங்கள். நிறத்தால் இவை காக்கைக்கு முற்றும் மாறானவை. ஆயினும், எதனையும் உண்ணும் இயல்பாலும், கூடிக் கரையும் இயல்பாலும், மக்களை அண்டிப் பிழைக்கும் திறத்தாலும் அப்பெயர் இவற்றிற்குப் பொருத்தமேயாகும்.

இப்பறவையைக் கண்டவர் பலர். உற்று நோக்கியவர் சிலரே. அச்சிலர் கண்ட உண்மைகளோ, பறவையைப் பற்றிய நம் எண்ணத்தை மட்டுமன்றி, அறிவு எவ்வாறு வளர்கின்றது என்பதைப் பற்றிய எண்ணத்தையும் தெளிவாக்குவன. அவற்றுள் சிலவற்றை இங்குக் காண்போம்.

பெயரும் தோற்றமும்: நம் கடற்கரைக்கு மிகுதியாக வரும் இனம் பழுப்புத்தலைக் கடற்காகம் என்பது. மார்கழியில் இதனைக் காணும் மாணவன், "தலை வெண்மையாகவன்றோ இருக்கின்றது! கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளி மட்டுமே உள்ளது. இதற்கு ஏன் இப்பெயர்?" என்று ஐயுறுவான். அவன் பொறுமையோடு பங்குனி வரை காத்திருப்பானாயின், விடை தானே கிடைக்கும். குளிர்காலம் கழியக் கழிய, தலையில் காப்பிக்கொட்டையின் நிறமுள்ள புதிய இறகுகள் முளைக்கும். முகமூடி அணிந்தாற்போலத் தலை முழுதும் பழுப்பாகிவிடும். அக்கோலத்துடன் இப்பறவை வடக்கு நோக்கிப் பறந்துபோகும். லடாக்கிலும் திபெத்திலும் உள்ள உயர்ந்த மலைநாட்டு ஏரிகளின் கரைகளே இதன் பிறந்தகம். அங்கேதான் இது கூடு கட்டி முட்டையிடும். சென்னை மாகாணத்துப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் என்னும் பறவை நூலார், 1840-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் முறையிற் பெயரிட்டார்.

ஆகவே, நம் கரையில் நாம் காணும் கடற்காகம் ஒரு விருந்தாளியே. விருந்தாளியின் இல்வாழ்க்கையை அறிய வேண்டுமாயின், அவருடைய ஊருக்கே செல்லுதல் வேண்டும். கடற்காகங்களின் இல்வாழ்க்கையை அறிஞர்கள் மிக நுணுகி ஆராய்ந்த இடம் ஐரோப்பாவின் வட கடற்கரையாகும். அங்குச் செல்லுமுன், இக்குலத்திற்குப் பொதுவான உடலமைப்பை அறிந்துகொள்வோம்.

உடலமைப்பு: உலகில் ஏறத்தாழ 50 வகைக் கடற்காகங்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது, ஒரு மைனாவைவிடச் சற்றே கனமானது. மிகப் பெரியது, சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேலும் அகன்றிருப்பது. எல்லாவற்றிற்கும் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. ஆதலின் நன்கு நீந்தும். சிறகுகள் நீண்டிருத்தலால், காற்றின் போக்கை அறிந்து, சிறகசைக்காமலே நெடுநேரம் மிதக்கும். அலகு வலியது, நுனி சற்றே வளைந்தது.

பெரிய கடற்காகங்களின் குஞ்சுகள் பெற்றோரின் நிறத்தை உடனே அடைவதில்லை. முதலாண்டில் உடல் முழுதும் பழுப்பு வரிகள் நிறைந்திருக்கும். ஆண்டுதோறும் இறகு உதிர்ந்து முளைத்து, நான்காம் ஆண்டளவிலேயே வெண்மையும் சாம்பல் நிறமும் முழுமையாகப் பொருந்தும். இதனை அறியாதவர், ஓரினத்துப் பறவைகளையே இரண்டு மூன்று இனங்களாக எண்ணி மயங்குவர்.

கடல் நீரைப் பருகினால் நாம் பிழைக்க இயலாது. கடற்காகமோ அதனைப் பருகியும் நலமாக வாழ்கின்றது. எங்ஙனம்? அதன் கண்களுக்கு மேலே, மண்டையோட்டின் பள்ளங்களில் இரண்டு சுரப்பிகள் உள்ளன. அவை இரத்தத்திலுள்ள மிகையான உப்பைப் பிரித்தெடுத்து, அடர்ந்த உப்புநீராக மூக்கின் வழியே வெளியேற்றுகின்றன. அந்நீர் அலகின் நுனியிற் சொட்டாகத் தொங்கும். பறவை தலையை உதறி அதனைச் சிந்திவிடும். 1950-களில் நுட் ஷ்மிட்-நீல்சன் என்னும் உடலியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து இவ்வுண்மையை வெளிப்படுத்தினர்.

உணவு: மீன், நண்டு, புழு, பூச்சி, தானியம், பிற பறவைகளின் முட்டை, மனிதர் எறியும் எச்சில் ஆகிய எல்லாம் இவற்றுக்கு உணவே. உணவு தேடுவதில் இவற்றின் அறிவுக்கூர்மை விளங்கும். ஓட்டினை உடைக்க முடியாத சிப்பியைக் கவ்விக்கொண்டு உயரப் பறந்து, பாறைமேல் அதனை நழுவவிட்டு உடைத்துத் தின்னும். ஈரமான புல்வெளியில் நின்று, இரண்டு கால்களாலும் நிலத்தை மாறி மாறி மிதிக்கும். அவ்வதிர்ச்சியால் மேலே வரும் மண்புழுக்களைக் கொத்தியெடுக்கும்.

இல்வாழ்க்கை: வட ஐரோப்பாவின் கரைகளில் வாழ்வது வெள்ளிக் கடற்காகம். ஆங்கிலேயர் ஹெரிங் என்னும் மீனோடு இதன் பெயரைச் சேர்த்து வழங்குவர். டச்சுக்காரரோ இதன் முதுகின் நிறங்கண்டு 'வெள்ளி' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நூற்றுக்கணக்கான இணைகள் ஓரிடத்தில் குடியேறும். ஒவ்வோர் இணைக்கும் சிறு எல்லை உண்டு. அதனைத் தாண்டி வரும் அயலானை உரிமையுள்ள பறவை விரட்டும். மணலிற் பறித்த சிறு குழியில் புல்லைப் பரப்பி, பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். ஒரு முறை கூடிய இணை, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பெரும்பாலும் பிரிவதில்லை.

இவற்றின் வாழ்வை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர், ஹாலந்து நாட்டில் 1907-இல் பிறந்த நிக்கோ டின்பர்கன் என்பவர். வெள்ளிக் கடற்காகத்தின் அலகு மஞ்சள் நிறமானது. கீழலகின் நுனிக்கருகே ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. முட்டையினின்று வெளிவந்த குஞ்சு அப்புள்ளியைக் கொத்தும். உடனே தாயோ தந்தையோ தான் விழுங்கி வந்த இரையைக் கக்கி ஊட்டும். குஞ்சு எதனைக் கண்டு கொத்துகின்றது? தாயின் முகத்தையா, அலகையா, அன்றிப் புள்ளியையா? டின்பர்கன் அட்டையாற் பல தலைகள் செய்தார். புள்ளியின் நிறத்தையும் தலையின் நிறத்தையும் மாற்றி மாற்றி, அவற்றைக் குஞ்சுகளுக்குக் காட்டிக் கொத்துகளை எண்ணினார். தலையின் நிறம் எதுவாயினும் குஞ்சு பொருட்படுத்தவில்லை. புள்ளியும் அலகின் வடிவமுமே அதனைத் தூண்டின. முனையில் மூன்று வெள்ளைக் கோடுகள் இட்ட மெல்லிய சிவப்புக் கோலினை, உண்மைத் தலையின் உருவத்தைக் காட்டிலும் மிகுதியாகக் குஞ்சுகள் கொத்தின! தாயின் முகத்தை அறியாமலே, உயிர் காக்கும் ஓர் அடையாளத்தை மட்டும் அறிந்து குஞ்சு பிறக்கின்றது என்பது புலனாயிற்று.

பின்னர் இங்கிலாந்தில் கருந்தலைக் கடற்காகத்தை அவர் ஆராய்ந்தார். குஞ்சு பொரித்தபின் இப்பறவை உடைந்த ஓட்டினைத் தூக்கிச் சென்று தொலைவிற் போடும். இவ்வற்பச் செயலால் யாது பயன்? முட்டையின் வெளிப்புறம் மண்ணோடு மண்ணாகத் தோன்றும். உடைந்த ஓட்டின் உட்புறமோ வெண்மையாக ஒளிரும். டின்பர்கனும் அவருடைய மாணவர்களும் சில முட்டைகளைத் தனித்தும், சிலவற்றை உடைந்த ஓடுகளின் அருகிலும் வைத்துப் பார்த்தனர். ஓட்டின் அருகிலிருந்த முட்டைகளையே காக்கைகளும் பிற பகைகளும் மிகுதியாகக் கண்டு கவர்ந்தன. அங்ஙனமாயின், ஓட்டை உடனே அகற்றாமல் சிறிது நேரம் தாமதிப்பது ஏன்? பிறந்த குஞ்சு ஈரத்தோடு இருக்கும்போது, அண்டை வீட்டுக் கடற்காகமே அதனை விழுங்கிவிடக் கூடும். குஞ்சின் ஈரம் உலர்ந்து, அதனை விழுங்குவது அரிதாகும் வரை தாய் கூட்டைவிட்டு அகல்வதில்லை! இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 1973-இல், வேறிரு அறிஞர்களுடன் டின்பர்கனுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பது பழமொழி. தரையிற் கூடு கட்டும் கடற்காகங்கள் சில நாட்களிலேயே தம் குஞ்சுகளை அடையாளம் அறிந்துகொள்ளும். வழிதவறி வரும் அயற்குஞ்சைக் கொத்தித் துன்புறுத்தும். ஆனால், தன் கூவலால் 'கிட்டிவேக்' எனப் பெயர் பெற்ற ஒருவகைக் கடற்காகம் செங்குத்தான பாறையின் குறுகிய விளிம்பிற் கூடு கட்டும். அங்கே பகை அணுகுவது அரிது. ஆனால், ஓரடி தவறினால் குஞ்சு கடலில் வீழும். ஆதலின் அதன் குஞ்சு பாறைப் பக்கம் முகம் திருப்பி அசையாதிருக்கும். குஞ்சுகள் இடம் மாறாமையால், பெற்றோருக்குத் தம் குஞ்சை அடையாளம் காணும் திறம் வேண்டப்படவில்லை. வேறொரு குஞ்சை மாற்றி வைத்தாலும் ஊட்டி வளர்க்கும். ஓடுகளை அகற்றும் வழக்கமும் இதற்கில்லை. 1957-இல் எஸ்தர் கல்லன் என்னும் பெண்மணியார் இவ்வுண்மைகளை விளக்கி எழுதினார். வாழிடம் மாறினால் வாழ்முறையும் மாறும் என்பதற்கு இஃது ஒரு சிறந்த சான்றாகும்.

வகைப்பாடு: விலங்கியலார் கடற்காகங்களை, ஆலா என்னும் கடற்பறவைகளோடு சேர்த்து, 'லாரிடே' என்னும் ஒரு குடும்பத்தில் வைப்பர். உள்ளான் முதலிய கரைப்பறவைகளும் அக்குடும்பம் அடங்கிய பெருவரிசையைச் சேர்ந்தவையே. 1758-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 'லாரஸ்' என்னும் பேரினப் பெயரை வழங்கினார். நெடுங்காலம் பெரும்பாலான கடற்காகங்கள் அப்பெயரின்கீழ் அடங்கியிருந்தன.

இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. வெள்ளிக் கடற்காகமும், முதுகு கறுத்த இன்னொரு கடற்காகமும் ஐரோப்பாவில் அருகருகே வாழ்ந்தும் பெரும்பாலும் கலப்பதில்லை. ஆயினும், வட துருவத்தைச் சுற்றி அமெரிக்கா, சைபீரியா வழியாகச் சென்றால், ஒன்று மற்றொன்றாகப் படிப்படியே மாறுவதுபோலத் தோன்றும். ஆதலின், இஃது ஒரு வளையம். அதன் இரு முனைகளும் ஐரோப்பாவிற் சந்திக்கும்போது வெவ்வேறு இனங்களாகிவிட்டன என்று அறிஞர் கருதினர். 1942-இல் எர்னஸ்ட் மயர் தம் நூலில் இதனை எடுத்துக்காட்டினார். பாடநூல்கள் பலவும் இதனையே கூறின. ஆனால், 2004-இல் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, வளையம் முழுமையற்றது என்பது தெளிவாயிற்று. அட்லாண்டிக் கடற்பகுதியில் ஒன்றும், ஆரல், காஸ்பியன் கடற்பகுதியில் மற்றொன்றுமாக இரு மூதாதைக் கூட்டங்களிலிருந்து இவை பரவின. அமெரிக்க வெள்ளிக் கடற்காகம் ஐரோப்பியப் பறவையின் நெருங்கிய உறவன்று. 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, லாரஸ் என்னும் பேரினத்தில் அடங்கியவை யாவும் ஒரே கிளையினவல்ல என்று காட்டியது. அதன் பயனாக அப்பேரினம் பலவாகப் பிரிக்கப்பட்டது. ஜெர்டன் கண்ட நம் பழுப்புத்தலைக் கடற்காகமும் இன்று லாரஸ் அன்று; 'குரோயிகோசெபாலஸ்' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பறவை மாறவில்லை, நம் அறிவே திருந்தியது. பெரியோர் கூறினர் என்பதால் நிறுத்திவிடாமல் மீண்டும் ஆராய்ந்து பார்ப்பதும், தவறு கண்டால் திருத்திக்கொள்வதும் அறிவியலின் அறமாகும்.

இன்றைய நிலை: ஐரோப்பிய நகரங்களில் வெள்ளிக் கடற்காகங்கள் வீட்டுக் கூரைகளிற் கூடு கட்டுகின்றன, மக்கள் கையிலுள்ள தின்பண்டத்தையும் பறிக்கின்றன. ஆதலின், 'எங்கும் மலிந்த திருட்டுப் பறவை' என்று பலர் வெறுப்பர். உண்மையோ வேறு. பிரிட்டனில் இவற்றின் தொகை பெரிதும் குறைந்தமையால், 2009-இல் இவ்வினம் மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிட்டிவேக் 2017-இல் உலக அளவில் அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனமாக அறிவிக்கப்பட்டது. கடல் வெப்பமாவதாலும் மிகையாக மீன் பிடிப்பதாலும் அதன் குஞ்சுகளுக்கு வேண்டிய சிறுமீன் வட கடலில் அருகி வருகின்றது. மலிந்ததென்று நாம் எண்ணும் ஒன்று, நாம் நோக்காத காலத்தில் அருகிவிடுகின்றது!

2019-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு வியப்பான செய்தியைக் கண்டனர். உணவுப் பையின் அருகில் அமர்ந்து, வரும் கடற்காகத்தையே ஒருவர் உற்று நோக்கினால், அது நெருங்கத் தயங்குகின்றது. அவர் வேறு பக்கம் பார்த்தால் விரைந்து நெருங்குகின்றது. நாம் அதனை நோக்குகின்றோமா என்பதை அப்பறவை அறியும். நாமும் அதனை நோக்கக் கற்போமாக. அடுத்த மார்கழியில் கடற்கரைக்குச் செல்லும்போது, வெண்ணிறத் தலையில் அந்தக் கரும்புள்ளியைத் தேடுங்கள். பங்குனியில் மீண்டும் சென்று, அது பழுப்பாக மாறியதா என்று பாருங்கள். நூலிற் படித்ததைக் கண்ணாற் கண்டு தெளிவதினும் சிறந்த கல்வி வேறில்லை.